ஆரோனியன் – ஆனந்த் 2013: கறுப்புல ஆடி ஜெயிச்சதுல இதுக்கு மேல ஒரு ஆட்டம் இருக்கா?

கறுப்புக்குதிரை (இழை தொடங்கியவர்):
வணக்கம் மக்களே. நேத்து ராத்திரி எங்க அக்கா பையனுக்கு இந்த ஆட்டத்தை பலகைல அடுக்கி காட்டினேன், கடைசி மூவ் வந்தப்போ அவன் ரெண்டு நிமிஷம் பேசவே இல்ல. அதனாலதான் இன்னைக்கு இந்த இழை.

2013 ஜனவரி 15, நெதர்லாந்துல வெய்க் ஆன் ஸே, டாடா ஸ்டீல் டோர்னமெண்ட்ல நாலாவது ரவுண்ட். வெள்ளை லெவோன் ஆரோனியன், கறுப்பு நம்ம ஆனந்த். ஆரோனியன் ரேட்டிங் (ஆட்ட பலத்துக்கு குடுக்கற புள்ளி) அப்போ 2800ஐ தாண்டி இருந்துச்சு, ஆனந்துக்கு 43 வயசு, உலக சாம்பியன் தான், ஆனா 2011, 2012ல டோர்னமெண்ட்ல ஜெயிக்கிறதே கம்மியாயிடுச்சு, வயசாயிடுச்சு டிரா தான் பண்றார்னு எல்லாரும் பேசின நேரம். அந்த நேரத்துல போய் ஆரோனியன் மாதிரி ஆளை 23 மூவ்ல முடிச்சார். அதுவும் கறுப்புல.

கறுப்புலன்னு நான் அழுத்தி சொல்றதுக்கு காரணம் இருக்கு. முதல் மூவ் வெள்ளைக்கு. பெரிய டோர்னமெண்ட் ஆட்டங்களை மொத்தமா எடுத்தா பாயிண்ட்ல சுமார் 54, 55 சதவீதம் வெள்ளை பக்கம் தான் போகும். டாப் லெவல்ல கறுப்பு வந்தா முதல்ல சமன் பண்ணு, அரை பாயிண்ட் வந்தா சந்தோஷப்படுன்னு தான் ஆடுவாங்க. எதிராளி தப்பு பண்ணி கறுப்பு ஜெயிக்கிறது தினமும் நடக்கும். ஆனா இந்த ஆட்டத்துல 12வது மூவ்லயே கறுப்பு "நீ அடிக்கறதை அடி, நான் வர்றேன்"னு நேரா வெள்ளை ராஜா மேல போகுது. என்னைப் பொறுத்தவரை கறுப்புல ஆடின ஆட்டங்கள்ல முதல் இடம் இதுக்கு தான். மாத்துக் கருத்து இருந்தா சொல்லுங்க.

தஞ்சை_சிப்பாய்:
அண்ணா இந்த ஆட்டத்தை நானும் பாத்திருக்கேன் ஆனா ஒண்ணு மட்டும் எனக்கு புரிஞ்சதே இல்ல. முடிஞ்ச பொசிஷன்ல காயை எண்ணினா வெள்ளைகிட்ட ரெண்டு யானை இருக்கு, கறுப்புகிட்ட ஒண்ணு தான், அதுக்கு பதிலா ஒரு பிஷப் கூட. சிப்பாய் ரெண்டு பக்கமும் அஞ்சு அஞ்சு. கணக்குப்படி வெள்ளை தானே மேல? அப்புறம் ஆரோனியன் ஏன் தோல்வியை ஒத்துக்கிட்டு ரிசைன் பண்ணார்?

கறுப்புக்குதிரை:
தம்பி இதை யாராவது கேட்பீங்கன்னு தான் காத்துட்டு இருந்தேன், பலகையை எடுத்து வச்சுக்கோ, மெதுவா வருவோம்.

ஓபனிங், அதாவது தொடக்க மூவ் வரிசை, செமி-ஸ்லாவ், அதுல மெரான்ங்கற கிளை. கட்டம் பேரு தெரியாதவங்களுக்கு: மேல கீழ போற வரிசை ஏல இருந்து ஹெச், குறுக்கு வரிசை வெள்ளை பக்கம் இருந்து 1ல இருந்து 8. 11 மூவ் வரைக்கும் பெருசா ஒண்ணும் இல்ல. 12வது மூவ்ல ஆரோனியன் குதிரையை ஜி5க்கு கொண்டு வர்றார், டி3 பிஷப்பும் சி2 ராணியும் சேர்ந்து ஹெச்7 சிப்பாயை குறி வைக்குது. நம்மள மாதிரி ஆளுங்க உடனே ஹெச்6 இல்லன்னா ஜி6னு கதவை சாத்துவோம். ஆனந்த் அதை கண்டுக்கவே இல்ல, சி5னு நடுவுல தள்ளினார். குதிரை ஹெச்7ஐ வெட்டிச்சு, இப்ப அது எஃப்8 யானையையும் முறைச்சுட்டு நிக்குது. அதையும் கண்டுக்கல, தன் குதிரையை ஜி4ல கொண்டு போய் வச்சார். அந்த எஃப்8 யானை 13வது மூவ்ல இருந்து 19 வரைக்கும் வெட்டு வாய்லயே கெடக்கு, ஒரு தடவை கூட அதை நகர்த்தல.

ஜி4 குதிரைக்கு பின்னாடி டி6 பிஷப் ஹெச்2ஐ பாத்துட்டு இருக்கு. அதை தடுக்க வெள்ளை எஃப்4 தள்ளுது. இங்க தான் விஷயமே. எஃப்4 ஒரு கதவை சாத்தி இன்னொரு கதவை திறந்து விட்டுடுச்சு, ஏன்னா எஃப்2ல இப்ப சிப்பாய் இல்ல. ஆனந்த் டி4ல வெட்டினார், வெள்ளை ஈ சிப்பாயால திருப்பி வெட்டிச்சு, ஈ3யும் காலி. உடனே டி6 பிஷப் சி5க்கு வருது. இப்ப சி5ல இருந்து ஜி1 ராஜா வரைக்கும் நடுவுல ஒரே ஒரு டி4 சிப்பாய் தான். அந்த சிப்பாய் பிஷப்பை வெட்டலாம், வெட்டினா டி7 குதிரை சி5ல வெட்டி டி3 பிஷப்பை அடிக்கும், டி லைன் திறந்து ராணியும் டி4ல வந்து செக் வைக்கும்.

அதனால ஆரோனியன் பிஷப்பை ஈ2க்கு இழுத்து ஜி4 குதிரைக்கு குறி வச்சார். பதில் என்ன தெரியுமா, அடுத்த குதிரையும் ஈ5ல! எஃப்4 சிப்பாய் அதை சும்மா வெட்டலாம். வெட்டினா ராணி டி4ல செக், ராஜா ஹெச்1, ராணி ஜி1ல செக், ராணியை ராஜா தொட முடியாது ஏன்னா சி5 பிஷப் காவல், யானையால தான் வெட்டணும், வெட்டினதும் குதிரை எஃப்2ல மேட். தன் காய்ங்க நடுவுலயே ராஜா மூச்சு முட்டி சாகும். சி2 ராணி எஃப்2 குதிரையை வெட்டலாமேன்னு கேட்பே, நடுவுல ஈ2ல அவங்க பிஷப்பே நிக்குது. குதிரையை அடிக்க வந்த பிஷப்பே ராணிக்கு வழி மறிச்சுடுச்சு.

இனி கடைசி பொசிஷன், இதை தனியா எழுதறேன்.

கறுப்புக்குதிரை:
சரி, நடுவுல ரெண்டு பக்கமும் சில காய் வெட்டுப்பட்டு, 22வது மூவ்ல கறுப்பு ராணி ஹெச்5க்கு வந்தாச்சு. கறுப்பு பிஷப் ஒண்ணு டி4ல, ஒண்ணு பி7ல. வெள்ளை ராஜா ஹெச்1. இப்ப ராணி ஹெச்3 சிப்பாயை வெட்டினா மேட், ஏன்னா ஜி2 சிப்பாய் திருப்பி வெட்ட முடியாது, பி7 பிஷப் அதை ராஜாவோட சேர்த்து ஆணி அடிச்சு வச்சிருக்கு. ஹெச்3 சிப்பாயால ஜி4 குதிரையையும் வெட்ட முடியாது, ஹெச் லைன் திறந்து ராணி நேரா ராஜாவை பாக்கும்.

ஆரோனியன் ராணியை டி3க்கு கொண்டு வர்றார். நல்ல மூவ் மாதிரி தெரியும், டி3ல இருந்து மூணாவது வரிசை வழியா ஹெச்3க்கு காவல், கூடவே டி4 பிஷப்பையும் அடிக்குது. இங்க ஆனந்த் பிஷப்பை ஈ3ல வைக்கிறார். அவ்வளவுதான். ராணியோட பார்வை ஈ3லயே நின்னு போச்சு. ஜி1க்கு ராஜா ஓட முடியாம அதே பிஷப் காவலும் காக்குது. ராணியால வெட்டினா குதிரை ராணியை எடுத்துக்கும். சி1 பிஷப்பால வெட்டினா என்ன ஆகும்னு நீயே பலகைல பாரு தம்பி, அதை நான் சொல்ல மாட்டேன், கண்டுபிடிக்கிற சுகத்தை உன்கிட்ட இருந்து பிடுங்க கூடாது.

எண்ட்கேம்_பிரியன்:
ஆட்டம் அழகு, அதுல சண்டை இல்ல. ஆனா முதல் இடம் குடுக்கறதுல எனக்கு உடன்பாடு இல்ல நண்பரே. இந்த ஐடியா 2012 மே மாசம் மாஸ்கோல கெல்ஃபண்ட் கூட நடந்த உலக சாம்பியன் மேட்ச்சுக்காக தயார் பண்ணதுன்னு ஆட்டம் முடிஞ்சு ஆனந்தே சொன்னார். நாலஞ்சு கிராண்ட்மாஸ்டர் உதவியாளருங்க, கூட இன்ஜின்னு சொல்ற செஸ் கம்ப்யூட்டர் புரோகிராம், மாசக்கணக்கா உக்காந்து பிசைஞ்ச மாவு இது. பலகைல உக்காந்து ஒரு ஆள் தனியா யோசிச்சு கண்டுபிடிச்ச ஆட்டத்தையும் வீட்ல செஞ்சு கொண்டு வந்ததையும் ஒரே தட்டுல வைக்க கூடாதுங்கறது என் கருத்து. 1956ல நியூயார்க்ல 13 வயசு ஃபிஷர் கறுப்புல டொனால்ட் பைர்னை ஜெயிச்ச ஆட்டத்தை எடுங்க, 17வது மூவ்ல ராணியை விட்டுட்டு பிஷப்பை ஈ6ல வச்சான் அந்த பையன், எந்த இன்ஜின் இருந்துச்சு அவன்கிட்ட? என் ஓட்டு அதுக்கு.

கறுப்புக்குதிரை:
ஃபிஷர் ஆட்டத்தை நான் குறைச்சு பேசவே மாட்டேன், அது வேற உயரம். ஆனா வீட்ல செஞ்சதுங்கற வாதத்தை ஏத்துக்க மாட்டேன், காரணம் சொல்றேன்.

மே மாசம் பாத்ததை அடுத்த வருஷம் ஜனவரில ஆடறார், நடுவுல எட்டு மாசம். உலக சாம்பியன் மேட்ச்சுக்கு தயார் பண்ற ஆள் எத்தனை ஓபனிங், எத்தனை கிளை பாத்திருப்பார்னு யோசிங்க. அதுல ஒரு கிளை திடீர்னு எதிர்ல வந்து நிக்கும்போது, யானை வெட்டு வாய்ல கெடக்க, கடிகாரம் ஓட, எது முதல்ல எது அப்புறம்னு வரிசை தப்பாம எடுக்கணும். ஒரு மூவ் முன்ன பின்ன மாறினா ஆட்டமே தலைகீழ். நான் ஒரு மாவட்ட டோர்னமெண்ட்ல மூணு வாரம் முன்னாடி பாத்த லைனை 14வது மூவ்ல மறந்துட்டு முக்கால் மணி நேரம் உக்காந்து வேர்த்தவன், அதனால அந்த வலி தெரியும்.

அதோட 19வது மூவ் எஃப்5ஐ பாருங்க. வெள்ளை குதிரை யானையை வெட்டிட்டு எஃப்8ல நிக்குது, ராஜா பக்கத்துலயே, கை தானா அதை வெட்ட போகும். வெட்டினா வெள்ளை ராணி ஹெச்7க்கு வந்துடும். ஒரு முழு யானை கம்மியா இருக்கும்போது செக்கும் இல்லாம வெட்டும் இல்லாம எஃப் சிப்பாயை ரெண்டு கட்டம் தள்றார், சி2ல இருந்து ஹெச்7 வரைக்கும் போற சாய்வு மூடிடுச்சு, ஜி4 குதிரைக்கு காவலும் ஆச்சு, அடுத்தது ராணி ஹெச்4. அந்த நிதானத்தை வீட்ல இருந்து கொண்டு வர முடியாதுங்க.

பழையபலகை:
பெரியவன் ஒரு வார்த்தை சொல்றேன், வயசு அறுபத்தி ரெண்டு. நீங்க ரெண்டு பேரும் பேசறதுக்கு நடுவுல ருபின்ஸ்டைனை மறந்துட்டீங்க. ஆனந்தே இந்த ஆட்டம் முடிஞ்சதும் ருபின்ஸ்டைன் ஆட்டத்தை தான் நெனச்சு பேசினார்.

1907, லோட்ஸ், இப்ப போலந்து, அப்போ ரஷ்ய சாம்ராஜ்யம். வெள்ளை ரோட்லெவி, கறுப்பு அகிபா ருபின்ஸ்டைன். ரெண்டையும் பக்கத்து பக்கத்துல வச்சு பாருங்க. ரெண்டுலயும் வெள்ளை எஃப்4 தள்ளுது. ரெண்டுலயும் கறுப்பு பிஷப் ஒண்ணு பி7ல இருந்து நீளமா பாக்குது, இன்னொண்ணு ஜி1 போற சாய்வுல செக் வைக்குது, ராஜா ஹெச்1க்கு ஒதுங்குது. ரெண்டுலயும் குதிரை ஜி4. அச்சு ஒண்ணு தான். ஆனா ருபின்ஸ்டைன் 22வது மூவ்ல ராணியை ஹெச்4ல விட்டுட்டு யானையால சி3ல வெட்டறார், அடுத்து இன்னொரு யானையை டி2ல வைக்கிறார், 25வது மூவ் யானை ஹெச்3, ஹெச்2ல மேட்டை தடுக்க வழியில்ல, ரோட்லெவி ரிசைன். நான் இந்த ஆட்டத்தை முதல்ல பாத்தது கையால எழுதின ஒரு நோட்டுல, எங்க தெருவுல ஒரு போஸ்ட் ஆபீஸ் குமாஸ்தா எழுதி வச்சிருந்தார். மின்சாரம் போன ராத்திரில அரிக்கேன் விளக்குல அடுக்கிப் பாத்தோம். யானை ஹெச்3ல வந்தப்போ அவர் விளக்கை கொஞ்சம் தூக்கிப் பிடிச்சார், இன்னும் கண்ணுல நிக்குது.

அதனால என் கணக்குல 1907 தான் தாய், 2013 மகள். தாயை விட்டுட்டு மகளுக்கு முதல் இடம் குடுக்க மனசு வரல. ஆனா இதுல ஒரு சந்தோஷம், 106 வருஷம் கழிச்சு ஒருத்தர் பலகைல அந்த பழைய ஆட்டத்தோட வாசனை வருதுன்னா, அவர் சின்ன வயசுல அதை நெஞ்சுல வாங்கியிருக்கார்னு அர்த்தம். இன்ஜின் அதை கத்துக் குடுக்காது.

எண்ட்கேம்_பிரியன்:
ஐயா, நீங்க சொன்ன மாதிரி பக்கத்து பக்கத்துல இன்னைக்கு தான் வச்சுப் பாத்தேன். உண்மை. ப்ரெப், அதாவது வீட்ல தயார் பண்ணதுன்னு சொன்னதுல நான் கொஞ்சம் அவசரப்பட்டுட்டேன், ஈ3 பிஷப் மூவ்ல இருக்கற அழகு ப்ரெப்பால குறையாதுன்னு ஒத்துக்கறேன். ஆனா ஓட்டு இன்னும் ஃபிஷருக்கு தான்.

மாயூரத்தான்:
ஆனந்த் பொறந்தது எங்க ஊர் மயிலாடுதுறைலன்னு இங்க ஒருத்தரும் சொல்லலையே, 1969 டிசம்பர் 11. வளந்தது சென்னை, அம்மா தான் முதல்ல காய் நகர்த்த சொல்லிக் குடுத்தாங்க. 1988ல இந்தியாவோட முதல் கிராண்ட்மாஸ்டர். எங்க ஊர்ல பொறந்த மனுஷன் கறுப்புல இப்படி ஆடினார்னு நெனச்சா இப்பவும் உடம்பு சிலிர்க்குதுங்க.

சென்னை_64:
கறுப்புன்னு பேச்சு வந்தா குகேஷை விட முடியுமா. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன் மேட்ச் 14வது ஆட்டம், கறுப்பு குகேஷ். எதிராளி டிங் லிரென் 55வது மூவ்ல யானையை எஃப்2ல வச்சு தப்பு பண்ணார், யானையும் பிஷப்பும் மாறி வெறும் சிப்பாய் ஆட்டம் ஆயிடுச்சு, முடிஞ்சது. 18 வயசுல உலக சாம்பியன். மதிப்புல பாத்தா இதை விட பெரிய கறுப்பு வெற்றி எது?

கறுப்புக்குதிரை:
தம்பி அன்னைக்கு நானும் அழுதேன், மறைக்க ஒண்ணும் இல்ல. ஆனா அந்த ஆட்டத்தோட பெருமை வேற இடத்துல இருக்கு. எல்லாரும் டிரான்னு எழுதி வச்ச பொசிஷன்ல, ஒரே ஒரு சிப்பாய் கூட வச்சுக்கிட்டு, விடாம மணிக்கணக்கா கேள்வி கேட்டுட்டே இருந்தான் பாருங்க, அந்த பிடிவாதம். டிங் தப்பு தானா வரல, களைச்சுப் போற வரைக்கும் உக்கார வச்சதால வந்துச்சு. ஆனந்த் ஆட்டம் இடி மாதிரி, குகேஷ் ஆட்டம் ஊறிப் போற தண்ணி மாதிரி. ரெண்டும் கறுப்பு தான்.

நிலாஅம்மா:
எல்லாருக்கும் வணக்கம். எனக்கு செஸ் அவ்வளவா தெரியாது, பொண்ணுக்காக இங்க வந்து படிக்கறேன். ஒம்பது வயசு, ஸ்கூல் டோர்னமெண்ட் எல்லாம் போறா. யாரு யாரோட எந்த கலர்ல ஆடணும்னு பேரிங் பேப்பர் ஒட்டினதும் ஓடிப் போய் பார்ப்பா, கறுப்புன்னு இருந்தா முகமே வாடிடும், சில தடவை கண்ணு கலங்கிடும். போன மாசம் ஒரு கோச் "கறுப்பு வந்தா டிரா கேட்டுடு"ன்னு சொல்லி அனுப்பினார், அதுல இருந்து இன்னும் மோசம். இவ்வளவு பேர் கறுப்பை இப்படி கொண்டாடறதை பாத்துட்டு கேக்கறேன், அவளுக்கு என்ன சொல்றது?

நடுப்பலகை_கோச்:
வணக்கம்மா. பதினோரு வருஷமா பிள்ளைங்களுக்கு சொல்லிக் குடுக்கறேன், இதை பாக்காத வருஷமே இல்ல. ஒம்பது வயசு பிள்ளைகிட்ட டிரா கேளுன்னு சொல்றது தப்பும்மா, அது எதிர்ல இருக்கறவனைப் பாத்து பயப்படுன்னு சொல்றதுக்கு சமம். அந்த சதவீதக் கணக்கெல்லாம் கிராண்ட்மாஸ்டருங்களுக்கு. பாப்பா லெவல்ல ஒரு ஆட்டத்துல ரெண்டு பக்கமும் மூணு நாலு தடவை காயை சும்மா விட்டுடுவாங்க, முதல் மூவ் யாருதுங்கறது அங்க ஒரு பொருட்டே இல்ல.

நான் செய்யறதை சொல்றேன். வீட்ல ஆடும்போது ரெண்டு வாரம் கறுப்பு மட்டும் குடுங்க. வெள்ளை ஈ4 வச்சா இது, டி4 வச்சா இதுன்னு ஒண்ணு ஒண்ணு மட்டும் பழக்குங்க, நாலஞ்சு மூவ் போதும். எதிராளி மூவ் வச்சதும் கையை தொடை மேல வச்சுக்கிட்டு "இவன் எதை பாக்கறான், எதை விட்டுட்டு வந்தான்"னு ரெண்டு கேள்வி கேக்க சொல்லுங்க. மேல கறுப்புக்குதிரை எழுதின எஃப்4 விஷயம் தான் அது, ஒவ்வொரு மூவும் எதையோ விட்டுட்டு தான் போகும், கறுப்புல உக்காந்தா அதை முதல்ல பாக்கற வாய்ப்பு நமக்கு. அப்புறம் இந்த ஆட்டத்தோட கடைசி பொசிஷனை மட்டும் பலகைல வச்சு குடுங்க. வெள்ளை பிஷப் ஈ3ல வெட்டின மாதிரி வச்சுட்டு, கறுப்பு ஆடி ரெண்டு மூவ்ல மேட்னு சொல்லுங்க. நீங்க பதில் சொல்லாதீங்க, எவ்வளவு நேரமானாலும் உக்காரட்டும்.

தஞ்சை_சிப்பாய்:
கோச் சார் நானும் அதை தான் நேத்துல இருந்து பாத்துட்டு இருந்தேன், இப்ப கெடச்சிருச்சு! சி1 பிஷப் ஈ3ல வெட்டினாலும் அந்த பிஷப்பே தன் ராணியை மறைச்சுடுது. கறுப்பு பிஷப் செத்தும் வேலை முடிஞ்சு போச்சு. இங்க பதிலை எழுதல, பாப்பா பாக்கட்டும்.

நிலாஅம்மா:
ரொம்ப நன்றி சார், எல்லாருக்கும் நன்றி. நேத்து சாயங்காலம் நீங்க சொன்ன மாதிரி காயை வச்சு குடுத்தேன், எனக்கு கட்டம் பேரு எல்லாம் தெரியாததால ஒவ்வொண்ணா பாத்து வைக்கவே அரை மணி ஆச்சு. முதல்ல குதிரையை நகர்த்திப் பாத்தா, இல்லன்னு திருப்பி வச்சுட்டா. சாப்பிட கூப்பிட்டேன், வரல. அப்புறம் ராணியை எடுத்து ஹெச்3ல வச்சு செக்குன்னா, ராஜா ஜி1க்கு போச்சு. அங்க நின்னு யோசிச்சா. ரொம்ப நேரம் கழிச்சு ஓரத்துல பி7ல இருக்கற பிஷப் மேல விரல் வச்சு, குறுக்கால ஜி2 வரைக்கும் விரலை இழுத்துட்டு வந்து, ராணியை அங்க வச்சா. மேட். அப்புறம் உடனே "அம்மா இரு இரு, ஹெச்2லயும் மேட், குதிரை காவல் இருக்கு"ன்னா. ரெண்டு மேட் இருக்கா சார்? எனக்கு சரிபாக்க தெரியல.

நடுப்பலகை_கோச்:
ரெண்டும் சரிம்மா. ரெண்டுமே மேட் தான்.

நிலாஅம்மா:
சொன்னேன் சார். ஞாயித்துக்கிழமை டோர்னமெண்ட் இருக்கு, இன்னைக்கு காலைல ஸ்கூல் வேன்ல ஏறும்போது கேக்கறா, முதல் ரவுண்ட்ல கறுப்பு வேணும்னு சொன்னா குடுப்பாங்களாம்மான்னு.